உடுப்பு மாற்றும் இடத்தில் எமது பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?

வாழைச்சேனையிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே போனால் காயான்கேணி, மாங்கேணி தாண்டி பனிச்சங்கேணி வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே பாலம். கோறளைப்பற்று வடக்கின் இந்தக் கரையோரக் கிராமங்களிலும், ஓட்டமாவடி, மீராவோடை, பிறைந்துறைச்சேனை போன்ற எமது ஊர்களிலும் அஸருக்குப் பிறகு பிள்ளைகள் இல்லாத மைதானத்தைக் காண்பது அரிது. உதைபந்தாட்டம், கிரிக்கெட், எல்லே, கபடி என்று ஏதாவதொன்று நடந்துகொண்டே இருக்கும். விளையாட்டுக் கழகமொன்றின் நிருவாகத்தில் நீண்ட காலமாக இருப்பவன் என்ற வகையில், சிறுவர் அணிகளோடு இப்பகுதி மைதானங்கள் பலவற்றுக்கும் நான் போய் வந்திருக்கிறேன்.

இவற்றில் பெரும்பாலானவற்றில் உடுப்பு மாற்றுவதற்கென்று ஓர் அறை கிடையாது. பாடசாலை மைதானம் என்றால் ஒரு வகுப்பறையைத் திறந்து தருவார்கள். பொது மைதானம் என்றால் வந்த வேனின் மறைவு, அரைகுறையாகக் கட்டி விட்ட மேடையின் பின்புறம், பக்கத்து வளவின் வேலியோரம். ஆட்டம் முடிந்ததும் கிணற்றடி. வாவி பக்கத்தில் இருந்தால் அதிலும் இறங்குவார்கள்.

மைதானத்துக்குள் நடுவர் இருக்கிறார். கோட்டுக்கு வெளியே பயிற்றுவிப்பாளர் நிற்கிறார். சுற்றிவரப் பார்வையாளர்கள். ஆனால் உடுப்பு மாற்றப் போகும் அந்தப் பத்து, பதினைந்து நிமிடங்களில் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் எழுப்பினால் சிலர் சிரிப்பார்கள். சிலர் "இதையெல்லாமா பேசுறது" என்று முகம் சுளிப்பார்கள். நாம் பேசாமல் விடுவதால் பிள்ளைகள்தான் ஆபத்துக்குள்ளாகிறார்கள். அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

இரண்டு பழக்கங்கள், இரண்டுமே ஆபத்தானவை

இப்போது எமது கழகங்களிலும் பாடசாலைகளிலும் நடப்பது இரண்டில் ஒன்று.

முதலாவது, யாருமே கவனிக்காமல் விடுவது. "பொடியனுகள்தானே, அவனுகள் மாத்திக்கொண்டு வருவானுகள்" என்று பெரியவர்கள் எல்லோரும் மைதானத்தின் பக்கம் நின்றுவிடுவார்கள். உள்ளே பதினாறு வயதுப் பையன்களும் பத்து வயதுப் பையன்களும் ஒன்றாக இருப்பார்கள். யாருடைய கையில் போன் இருக்கிறது, யார் யாரைச் சீண்டுகிறார்கள், எந்தப் பிள்ளை ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கிறான் என்பது வெளியில் நிற்கும் எவருக்கும் தெரியாது.

இரண்டாவது, ஒரேயொருவரிடம் முழுவதையும் ஒப்படைப்பது. "சேர் பார்த்துக்கொள்வார்." அந்த ஒருவர் நல்லவராக இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். இல்லாவிட்டால், மூடிய கதவுக்குள் பிள்ளைகளோடு தனியாக இருக்கும் வாய்ப்பை நாமே அவருக்குக் கொடுத்திருக்கிறோம்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. பெரியவர்கள் அருகில் இருக்க வேண்டும், ஆனால் பிள்ளைகளின் உடலைப் பார்க்கும் இடத்தில் இருக்கக் கூடாது. ஒருவர் போதாது, இருவராக இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மறைவில் தனித்திருக்கக் கூடாது. இளையோர் விளையாட்டில் பாதுகாப்புப் பற்றி இன்று உலகில் எழுதப்படும் விதிகளின் சாரம் இதுதான். ஆனால் இந்த விதிகள் இலேசில் வந்துவிடவில்லை. பல பிள்ளைகள் பாதிக்கப்பட்ட பிறகுதான் எழுதப்பட்டன.

கதவுக்குப் பின்னால் நடந்தவை

அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜெரி சன்டஸ்கி என்பவர் அமெரிக்கப் பாணி உதைபந்தாட்ட அணியின் உதவிப் பயிற்றுவிப்பாளராக நீண்ட காலம் இருந்தவர். வறிய பிள்ளைகளுக்கு உதவுவதற்கென்று 1977இல் ஒரு தொண்டு நிறுவனத்தையும் ஆரம்பித்தவர். ஊரே மதித்த மனிதர். 1999இல் ஓய்வு பெற்ற பிறகும் அணியின் கட்டடத்துக்குள் போய்வரும் அனுமதி அவருக்கு இருந்தது. 2001 பெப்ரவரியில் ஓர் இரவு, அந்தக் கட்டடத்தின் உடைமாற்றும் அறைக்குள் போன இளம் உதவியாளர் ஒருவர், குளிக்கும் பகுதியில் சன்டஸ்கி ஒரு சிறுவனுடன் இருந்ததைக் கண்டார். தலைமைப் பயிற்றுவிப்பாளரிடம் சொன்னார். அவர் மேலதிகாரிகளிடம் சொன்னார். பொலிஸுக்கு எவரும் சொல்லவில்லை. அதன் பிறகு பத்து வருடங்களுக்கும் மேல் கழித்து, 2011 நவம்பரில்தான் சன்டஸ்கி கைதானார். 2012இல் 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளியாகக் காணப்பட்டு, 30 முதல் 60 வருடங்கள் வரையான சிறைத்தண்டனை பெற்றார். பிள்ளைகளை ஆபத்தில் விட்டமைக்காக அப்பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் உட்பட மூன்று உயர் அதிகாரிகள் 2017இல் குற்றவாளிகளாயினர்.

இங்கிலாந்தில் பெரி பெனல் என்ற உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளர் திறமையான சிறுவர்களைத் தேடிப் பிடிப்பதில் பேர் பெற்றவர். பெற்றோர் நம்பி அவருடைய வீட்டில் கூடப் பிள்ளைகளைத் தங்க விட்டார்கள். 2016 நவம்பரில் அன்டி வூட்வேர்ட் என்ற முன்னாள் வீரர் தனக்குச் சிறுவயதில் நடந்ததைப் பெயரை மறைக்காமல் வெளியே சொன்னார். அதன் பிறகு இன்னும் பலர் வாய் திறந்தார்கள். 2018இல் பெனலுக்கு 30 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2021 மார்ச்சில் வெளியான சுயாதீன விசாரணை அறிக்கை, 1995க்குப் பின்னரும் சில வருடங்கள் உதைபந்தாட்டச் சங்கம் பிள்ளைகளைப் பாதுகாக்கப் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று கண்டது.

இவையெல்லாம் மேற்கத்தேயத்தின் ஒழுக்கக்கேடு என்று சொல்லி எம்மால் தப்பிக்க முடியாது. ஆப்கானிஸ்தான் உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த கெராமுத்தீன் கரீம், வீராங்கனைகளைப் பாலியல் ரீதியாகத் துஷ்பிரயோகம் செய்தமைக்காக 2019 ஜூனில் ஃபிஃபாவினால் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டவர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாலி நாட்டில், 18 வயதுக்குட்பட்ட பெண்கள் கூடைப்பந்தாட்ட அணியின் பயிற்றுவிப்பாளர் 2021இல் இதே வகைக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார்.

எமக்கு மிக அருகில் சென்னையில் 2021 மே மாதம் ஒரு தடகளப் பயிற்றுவிப்பாளர் கைதானார். 19 வயது வீராங்கனை ஒருவர், தான் சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே நடந்ததாகச் சொல்லிக் கொடுத்த முறைப்பாடு அது. பயிற்சி முடிந்த பின் பிள்ளைகளைத் தனியே நிற்கச் சொல்லி, தசைப்பிடிப்புக்குச் சிகிச்சை செய்வதாகக் கூறி அவர் எல்லை மீறினார் என்பதே குற்றச்சாட்டு. ஒருவர் பேசியதும் வேறு வீராங்கனைகளும் முறைப்பாடு செய்தார்கள். அதற்கு அடுத்த வருடம், 2022 ஜூனில், ஸ்லோவேனியாவுக்குப் பயிற்சிக்குப் போன இந்தியச் சைக்கிளோட்ட வீராங்கனை ஒருவர், தன் பயிற்றுவிப்பாளர் அறையைப் பகிர்ந்துகொள்ளும்படி வற்புறுத்தியதாக முறையிட்டார். அதைத் தொடர்ந்து இந்திய விளையாட்டு ஆணையம், வீராங்கனைகள் இருக்கும் எந்தக் குழுவோடும் பெண் பயிற்றுவிப்பாளர் ஒருவர் கட்டாயம் செல்ல வேண்டும் என்று சம்மேளனங்களுக்கு அறிவுறுத்தியது.

நாடு வேறு, மதம் வேறு, விளையாட்டு வேறு. ஆனால் நடந்த விதத்தில் ஒற்றுமை இருக்கிறது. எல்லோரும் நம்பிய ஒருவர், பிறர் கண் படாத ஓர் இடம், சொன்னால் அணியில் இடம் போய்விடுமே என்று பயந்த ஒரு பிள்ளை. இம்மூன்றில் எம்மால் உடனே மாற்றக்கூடியது இரண்டாவது. பிறர் கண் படாத இடத்தை இல்லாமல் செய்யலாம்.

விதிகள் சொல்வது என்ன?

அமெரிக்க ஜிம்னாஸ்டிக் அணியின் மருத்துவராக இருந்த லெரி நாசரின் குற்றங்கள் வெளிவந்த பின், 2018 பெப்ரவரியில் அந்த நாட்டில் இளம் விளையாட்டு வீரர்களைப் பாதுகாக்க ஒரு தனிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதற்கு முந்தைய வருடமே இயங்கத் தொடங்கிய சேஃப் ஸ்போர்ட் என்ற மையம் இப்போது அந்நாட்டின் ஒலிம்பிக் விளையாட்டுகள் அனைத்துக்கும் விதிகளை வகுக்கிறது. அவற்றில் உடைமாற்றும் அறைக்கென்று ஒரு பகுதியே இருக்கிறது. அதன் கருத்தை எமது வார்த்தையில் சொல்கிறேன்.

ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் சந்திக்கும் எந்தச் சந்தர்ப்பமும் மற்றவர் காணக்கூடியதாக, யாரும் எந்த நேரத்திலும் குறுக்கே வரக்கூடியதாக இருக்க வேண்டும். பெரியவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து உடை மாற்றவோ குளிக்கவோ கூடாது. உடைமாற்றும் இடத்தில் படமெடுக்கவோ காணொளி எடுக்கவோ எவருக்கும் அனுமதியில்லை. மற்றவர் முன்னால் உடை மாற்ற விரும்பாத பிள்ளைக்கு மறைவான ஓர் இடம் கொடுக்கப்பட வேண்டும். அந்த அறைகள் கவனிக்கப்படாமல் விடப்படக் கூடாது.

கடைசி விதிதான் பலருக்குக் குழப்பத்தைத் தருவது. கவனிப்பது என்றால் உள்ளே நின்று பார்ப்பதா? இல்லை. வாசலுக்கு வெளியே, சத்தம் கேட்கும் தூரத்தில் நிற்பது. பிள்ளைகள் உள்ளே போக முன் அறையில் வேறு யாரும் இல்லை என்று பார்ப்பது. இடையிடையே "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று குரல் கொடுப்பது. உள்ளே போக வேண்டி வந்தால் முதலில் சொல்லிவிட்டு, இன்னொரு பெரியவரோடு போவது. எல்லோரும் வெளியே வந்த பின் எண்ணிப் பார்ப்பது. இவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு இடையிலும் ஆபத்து உண்டு

இதைப் பற்றிப் பேசும்போது நாம் பெரியவர்களை மட்டுமே நினைக்கிறோம். உண்மையில் கவனிப்பாரில்லாத இடத்தில் மூத்த பையன்கள் சிறியவர்களுக்குச் செய்யும் தொல்லையும் சிறியதல்ல. காற்சட்டையை இழுப்பது, உடுப்பை ஒளித்து வைப்பது, உடம்பைக் கேலி செய்வது, புதிதாக வந்தவனை "சோதிப்பது". பல்கலைக்கழகத்தில் இதற்குப் பகிடிவதை என்று பெயர். அதற்கு எதிராக 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமே நாட்டில் இருக்கிறது. மைதானத்தில் நடந்தால் மட்டும் அது "பொடியன்மாரின் விளையாட்டு" ஆகிவிடுகிறது.

போன் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். ஒரு நொடியில் எடுத்த படம் ஒரு மணித்தியாலத்தில் ஊரெல்லாம் சுற்றிவிடும். எடுத்தவனுக்கும் பதினைந்து வயதாக இருக்கலாம், பகிடிக்கு எடுத்திருக்கலாம். ஆனால் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தின் மூலம் எமது தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட பிரிவுகளின்படி, சிறுவரின் ஆபாசமான படத்தை எடுப்பதும் பகிர்வதும் குற்றமாகும். ஆகவே போனை வெளியே வாங்கி வைப்பது, படத்தில் சிக்கக்கூடிய பிள்ளையை மட்டுமல்லாமல், படமெடுக்கக்கூடிய பிள்ளையையும் காப்பாற்றுகிறது.

மார்க்கம் எமக்கு ஏற்கெனவே கற்றுத்தந்தது

இந்த விதிகளை வாசிக்கும்போது ஒரு முஸ்லிமுக்கு இவை அந்நியமாகத் தெரிய நியாயமில்லை. ஓர் ஆண் இன்னோர் ஆணின் அவ்ரத்தையோ, ஒரு பெண் இன்னொரு பெண்ணின் அவ்ரத்தையோ பார்க்கக் கூடாது என்ற நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. பத்து வயதானால் பிள்ளைகளின் படுக்கைகளைப் பிரித்துவிடுமாறு வழிகாட்டிய மார்க்கம் இது. சூரா அந்நூரின் 58ஆவது வசனம், பருவமடையாத பிள்ளைகள் கூட மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே பெரியவர்களின் அறைக்குள் வரவேண்டும் என்கிறது. ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடைகளைக் களைந்திருக்கும் வேளை, இஷாவுக்குப் பின். ஆடை மாற்றும் நேரம் தனிமைக்குரியது என்பதை வீட்டுக்குள்ளேயே பிள்ளைகளுக்குப் பழக்கச் சொல்லும் வசனம் அது. பெரியவரின் தனிமையைப் பிள்ளை மதிக்க வேண்டும் என்றால், பிள்ளையின் தனிமையைப் பெரியவர் மதிப்பது அதைவிட இலேசான கடமையாக இருக்க முடியுமா?

"இப்படி விதி போட்டால் சேர்மாரைச் சந்தேகப்படுவதாக ஆகாதா" என்ற கேள்வி எப்போதும் வருகிறது. அதற்கு அன்னை ஸஃபிய்யா (ரழி) அவர்களின் சம்பவம் பதில் சொல்கிறது. நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாப் இருந்தபோது மனைவி ஸஃபிய்யா பார்க்க வந்தார்கள். திரும்பிப் போகையில் நபியவர்கள் கூட எழுந்து நடந்தார்கள். அன்ஸாரிகள் இருவர் கண்டு விரைந்து நகர்ந்தபோது அவர்களை நிறுத்தி, கூட நிற்பவர் தம் மனைவி ஸஃபிய்யாதான் என்று நபியவர்கள் தாமாகவே சொன்னார்கள். அல்லாஹ்வின் தூதரைச் சந்தேகிப்போமா என்று அவ்விருவரும் அதிர்ந்தார்கள். ஷைத்தான் மனிதனின் உள்ளத்தில் ஏதாவதைப் போட்டுவிடுவான் என்பதை நபியவர்கள் அவர்களுக்கு நினைவூட்டினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. மனிதர்களில் மிக நம்பிக்கைக்குரியவரே சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் தம்மை வெளிப்படையாக வைத்துக்கொண்டார்கள் என்றால், எமது பயிற்றுவிப்பாளரோ, ஆசிரியரோ, மௌலவியோ, கழகத் தலைவரோ கதவைத் திறந்து வைப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

நேர்மையான பயிற்றுவிப்பாளருக்கு இந்த விதி ஒரு கேடயம். இரண்டு பேர் நின்ற இடத்தில் அவர் மீது எவரும் இலகுவில் பழி போட முடியாது. சம்பளமில்லாமல், தன் பெற்றோல் செலவில் வந்து பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் எத்தனையோ நல்ல மனிதர்கள் எம்மிடம் இருக்கிறார்கள். அவர்களைத் தனியாக நிற்க விடுவதே அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பனிச்சங்கேணியில் இது முடியுமா?

அறையே இல்லாத இடத்தில் அறைக்கு விதி எதற்கு என்று கேட்கலாம். பிள்ளைகள் எங்கே உடுப்பு மாற்றுகிறார்களோ அதுதான் உடைமாற்றும் அறை. வகுப்பறையோ, வேனின் மறைவோ, கிணற்றடியோ, விதி ஒன்றுதான். செலவும் பெரிதாக இல்லை. எந்தக் கழகமும் நாளைக்கே செய்யக்கூடியவற்றை இங்கே தருகிறேன்.

1. முடிந்தவரை பிள்ளைகள் வீட்டிலிருந்தே ஜேர்சியோடு வரட்டும். சப்பாத்து மட்டும் மைதானத்தில் மாற்றினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

2. மாற்றத்தான் வேண்டுமென்றால் இடத்தை முன்கூட்டியே தீர்மானியுங்கள். வெளியூர்ப் போட்டி என்றால் அழைக்கும் கழகத்திடம் அல்லது அதிபரிடம் "பிள்ளைகள் எங்கே உடுப்பு மாற்றுவார்கள்" என்று முதல் நாளே கேட்க வேண்டும். வகுப்பறை கிடைக்காவிட்டால் நாலு கம்பும் ஒரு தறப்பாளும் போதும்.

3. வாசலில் இரண்டு பெரியவர்கள் நிற்க வேண்டும். அவர்கள் ஒரே குடும்பத்தவராக இல்லாமல் இருப்பது நல்லது. ஆட்கள் போதாதென்றால் வாப்பாமார் முறை வைத்து வரலாம். பருவகாலம் முழுவதற்கும் ஒரு வாப்பாவுக்கு இரண்டு முறைக்கு மேல் வராது.

4. சிறியவர்களும் மூத்தவர்களும் வெவ்வேறாக மாற்றட்டும். முதலில் சிறியவர்கள், அவர்கள் வெளியே வந்த பின் மூத்தவர்கள்.

5. போன்கள் ஒரு பையில் வெளியே. பெரியவர்களின் போனும் அதே பையில். வெற்றியைப் படமெடுப்பதெல்லாம் மைதானத்தில் வைத்துக்கொள்ளலாம்.

6. சாரத்தைப் போர்த்திக்கொண்டு உள்ளே உடுப்பு மாற்றுவதும், சாரத்தோடு கிணற்றடியில் குளிப்பதும் எமது மூத்தவர்களின் பழக்கம். அதைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். வெட்கப்படும் பிள்ளையைக் கேலி செய்ய எவருக்கும் இடம் கொடுக்காதீர்கள். அவனுடைய வெட்கம் ஈமானின் ஒரு பகுதி.

7. காயத்துக்கு மருந்து போடுவது, தசை பிடித்துவிடுவது எல்லாம் திறந்த வெளியில், மற்றவர் முன்னால் நடக்கட்டும். பெண் பிள்ளைக்கு ஒரு பெண்தான் செய்ய வேண்டும்.

8. ஒரு பிள்ளையை மட்டும் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவது, தன் வீட்டில் தங்க வைப்பது, இரவில் தனியாக வட்ஸ்அப் அனுப்புவது ஆகியவை பயிற்றுவிப்பாளர்களுக்குத் தடை. பெற்றோர் இருக்கும் குழுவில்தான் செய்தி போக வேண்டும்.

9. வாவியிலோ கடலிலோ கிணற்றடியிலோ குளிப்பதென்றால் நீந்தத் தெரிந்த பெரியவர் கரையில் நிற்க வேண்டும். இறங்கும்போதும் ஏறும்போதும் எண்ண வேண்டும். தனிமை ஒரு ஆபத்து, தண்ணீர் இன்னொரு ஆபத்து. இரண்டுக்கும் ஒரே காவல் போதும்.

இவற்றை ஒரு தாளில் எழுதி, கழகத் தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்டு, பிள்ளையைச் சேர்க்கும்போதே பெற்றோரிடம் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். எழுதாத விதி இரண்டு போட்டிகளில் மறந்துவிடும்.

பெண் பிள்ளைகளின் கதை

எமது ஊர்களில் ஓட்டத்திலும் எல்லேயிலும் வலய மட்டம் வரை போகக்கூடிய பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்போடு பலரும் நின்றுவிடுகிறார்கள். மார்க்கத்தைக் காரணம் காட்டுவோர் உண்டு. ஆனால் உம்மாமாரிடம் பேசிப் பார்த்தால் அவர்கள் முதலில் கேட்பது வேறு. "எங்க உடுப்பு மாத்துவா? யாரு கூடப் போவா? டொய்லெட் இருக்கா?" இந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லாதபோது, பிள்ளையை வீட்டில் நிறுத்துவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி தெரிவதில்லை.

பெண் பிள்ளைகள் போகும் எந்தப் பயணத்திலும் குறைந்தது இரண்டு பெண்கள், ஒரு டீச்சரும் ஓர் உம்மாவும் என்றாவது, கூடப் போக வேண்டும். பூட்டுள்ள, யன்னல் மறைக்கப்பட்ட ஓர் அறை கிடைக்காவிட்டால் அந்தப் போட்டிக்குப் போக முடியாது என்று ஏற்பாட்டாளர்களிடம் துணிந்து சொல்ல வேண்டும். இரண்டு முறை சொன்னால் மூன்றாம் முறை அறை தயாராக இருக்கும்.

இரு சமூகங்களுக்கும் ஒரே விதி

பனிச்சங்கேணியிலோ வாகரையிலோ போட்டி என்றால் எமது பிள்ளைகளை அங்குள்ள தமிழ்ச் சகோதரர்களின் பொறுப்பில் விடுகிறோம். அவர்களுடைய பிள்ளைகள் ஓட்டமாவடிக்கு வந்தால் எமது பொறுப்பில் விடுகிறார்கள். யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கண்ட கரை இது. நம்பிக்கை மெல்ல மெல்லத்தான் திரும்பி வந்தது. ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்து, செய்தவர் மற்றச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்துவிட்டால், பிள்ளையை மறந்துவிட்டு இனத்தைப் பேச முகநூலில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். எதுவுமே நடக்காத இடத்தில் கூட ஒரு வதந்தி போதும்.

ஆகவே போட்டிக்கு அழைக்கும்போதே இரு கழகங்களும் ஒரே விதியை ஒப்புக்கொள்வது நல்லது. வாசலில் நிற்கும் இருவரில் ஒருவர் அழைத்த கழகத்தவர், மற்றவர் வந்த கழகத்தவர். இப்படிச் செய்தால் யாரும் யாரையும் சந்தேகித்ததாக ஆகாது. வந்த பிள்ளை எங்கள் அமானிதம் என்று இரு தரப்பும் செயலில் காட்டியதாக ஆகும்.

ஏதாவது நடந்துவிட்டால்

ஒரு பிள்ளை வந்து சொன்னால், முதலில் நம்புங்கள். "நீ ஏன் போனாய், ஏன் கத்தவில்லை" என்று கேட்காதீர்கள். திரும்பத் திரும்பக் கேட்டு வாக்குமூலம் எடுப்பது உங்கள் வேலையல்ல. சொன்னது நல்லது, இது உன்னுடைய பிழையில்லை என்று சொல்லுங்கள். அதுவே அந்த நேரத்தில் பிள்ளைக்குத் தேவை.

பிறகு அறிவியுங்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பொலிஸில் சிறுவர், பெண்கள் விவகாரங்களுக்கான பிரிவு இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு நடந்தால் சட்டம் இல்லை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தவறு. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 365ஆ பிரிவின் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றம் ஆண், பெண் இரு பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

இங்கேதான் எமது சமூகம் அடிக்கடி வழுக்குகிறது. பள்ளிவாசல் நிருவாகமோ ஊர்ப் பெரியவர்களோ இரு தரப்பையும் கூட்டி வைத்து, மன்னிப்புக் கேட்கச் சொல்லி, செய்தவரை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு விடயத்தை முடிப்பார்கள். பிறர் குறையை மறைப்பது நற்செயல் என்று அதற்கு நியாயமும் சொல்வார்கள். ஒருவர் தனக்கும் தன் ரப்புக்கும் இடையில் செய்த பாவத்தை மறைப்பது வேறு. ஒரு பிள்ளைக்கு அநியாயம் செய்தவரை மறைத்து, அடுத்த ஊரின் பிள்ளைகளிடம் அனுப்புவது வேறு. அநீதி இழைக்கப்பட்டவர் அதை உரத்துச் சொல்ல உரிமை உண்டு என்பதை சூரா அந்நிஸாவின் 148ஆவது வசனத்திலிருந்து நாம் அறிகிறோம். பென் ஸ்டேட்டில் நடந்ததும் இதுதான். எல்லோரும் ஒருவருக்கொருவர் சொன்னார்கள், சொல்ல வேண்டிய இடத்துக்கு மட்டும் சொல்லவில்லை. பத்து வருடம் போய்விட்டது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

பிள்ளையைக் கழகத்தில் சேர்க்கும்போது சப்பாத்தின் விலையைக் கேட்கிறோம், பயிற்சி நேரத்தைக் கேட்கிறோம். இனி இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். பிள்ளை எங்கே உடுப்பு மாற்றுவான்? அப்போது வாசலில் நிற்கும் இருவர் யார்? ஏதாவது பிரச்சினை என்றால் யாரிடம் சொல்ல வேண்டும்? பதில் சொல்ல முடியாத கழகத்துக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். அந்த மாதத்தில் நீங்களும் ஒரு நாள் வந்து வாசலில் நில்லுங்கள்.

வீட்டில் பிள்ளையோடும் பேசுங்கள். உன் உடம்பு உனக்குரியது, மறைக்க வேண்டிய இடங்களைத் தொடவோ பார்க்கவோ படமெடுக்கவோ சேருக்கும் உரிமையில்லை, மச்சானுக்கும் உரிமையில்லை, அணித் தலைவனுக்கும் உரிமையில்லை என்று சொல்லிக்கொடுங்கள். "யாருக்கும் சொல்லாதே" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அதை முதலில் உம்மாவிடமோ வாப்பாவிடமோ வந்து சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள்.

கழக நிருவாகிகளே, அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகச் சேருங்கள். மேலே உள்ள ஒன்பதையும் வாசித்து, உங்கள் மைதானத்துக்குப் பொருந்துமாறு மாற்றி எழுதி, அன்றே கையொப்பமிடுங்கள். வாசலில் முதல் முறை நிற்கப் போகும் இருவரின் பெயரும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.